"பழைய கார் எண்டா மணக்கத்தான் செய்யும்"

பதிவு கொஞ்சம் நீளம். வாகனம் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

"அண்ணை, கார் பெற்றோல் மணக்குது" என்று கராச்சில் போய்ச் சொன்னால் பல இடங்களில் கிடைக்கும் பதில்தான் மேலே உள்ள தலைப்பு. நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். இந்தப் பதிலை இனி ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

எங்கட ஊரில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டில் பெற்றோல் தங்கம் மாதிரி. ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். (அந்த வருடம் ஒக்ரோபர் கடைசியில் எங்கட ஆக்கள் வெளியேற்றப்பட்டதால் நான் இதையெல்லாம் புத்தளத்தில் இருந்து கேள்விப்பட்டவன்தான்.) அந்த மெக்கானிக்மாரின் கெட்டித்தனத்துக்கு நான் எப்போதும் மரியாதை வைத்திருக்கிறேன். தாங்கி ஒழுகினால் சவர்க்காரம், குழாய் ஒழுகினால் ரியூப் துண்டும் கம்பிக் கட்டும். வேறு வழி இருக்கவில்லை.

ஆனால் மண்ணெண்ணெய் வேறு, பெற்றோல் வேறு. மண்ணெண்ணெய் சுமார் 38 பாகைக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலே போகாது, நிலத்தோடு தவழும். போர்ட்டிக்கோவில் கார், பக்கத்தில் குசினி என்று இருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது அழுத்தம். காபரேட்டர் காரின் பம் சதுர அங்குலத்துக்கு 4, 5 இறாத்தல்தான் தள்ளும். இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில் அது 40 இறாத்தலுக்கும் மேல். அதில் வெடிப்பு வந்தால் சொட்டாது, சூடான எஞ்சினில் பன்னீர் தெளித்த மாதிரி விசிறும். அங்கே ரியூப் துண்டு கட்டுவது வைத்தியம் இல்லை.

கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் இல்லை. இரவில் காருக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்துவிட்டுப் படுங்கள். ஏசித் தண்ணி காய்ந்தால் மணம் இருக்காது. தாங்கி நிரப்பிய அன்று மட்டும் மணந்தால் மேல்பக்கத்தைப் பாருங்கள்: நிரப்பும் குழாயின் றப்பர், மூடி, பம்மின் வாசர். ஸ்டார்ட் பண்ணியதும் மணந்தால் எஞ்சின் பக்கத்து ஹோஸ். தூசி படிந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் கழுவின மாதிரித் தெரிந்தால் அங்கேதான் ஆள் ஒளிந்திருக்கிறார். எலி கடித்த ஹோஸும் எங்கட ஊரில் அதிசயம் இல்லை. பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பக்கம் போய் வருபவர்கள் தாங்கியைத் தாங்கும் பட்டிகளுக்கு மேலே சேறு சேர்ந்து துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உப்புக் காற்று சும்மா விடாது.

நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளைக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் போகும். 2022 ஜூன் கடைசியில் லீற்றர் 470 ரூபாய்க்கு வரிசையில் நின்று அடித்த எங்களுக்கு இது கணக்கில் வராதது ஆச்சரியம்தான்.

எனக்கு உண்மையான பயம் ஓட்டோவில்தான். தாங்கியும் எஞ்சினும் பின் இருக்கைக்குப் பின்னாலேயே இருக்கின்றன. அந்த இருக்கையில்தான் பிள்ளைகளை நெருக்கி ஏற்றுகிறோம். சில பிள்ளைகள் வகுப்புக்குள் வரும்போதே சீருடை பெற்றோல் மணக்கிறது. வருடாந்தப் புகைப் பரிசோதனை பின்குழாய்ப் புகையை அளக்கத்தான். இந்த மணத்தைப் பிடிக்க உங்கள் மூக்கை விட்டால் ஆளில்லை. ஓட்டோத் தம்பியிடம் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஹோஸையும் கிளிப்பையும் மாற்றும் செலவைப் பெற்றோர் பங்குபோட்டுக் கொடுத்தாலும் நட்டமில்லை. வாங்கும்போது பெற்றோலுக்கென்று செய்த ஹோஸ்தானா என்று பாருங்கள். தோட்டத்துத் தண்ணிக் குழாய் கொஞ்ச நாளில் இறுகி வெடிக்கும்.

இன்னொன்று. தாங்கியை வெல்டிங் பண்ணக் கொடுக்கும்போது "பெற்றோல் எல்லாம் ஊத்திப்போட்டன், காலித் தாங்கிதான்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். காலித் தாங்கிக்குள்தான் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். நிறைந்த தாங்கியைவிட அதுதான் வெடிக்கும். கழுவி, ஆவி முழுதாகப் போன பிறகுதான் நெருப்பு வைக்கலாம். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு தாங்கி போடுங்கள்.