பிரித்துக் கேட்டால் போதுமா?

குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' 1975-ல் வந்த பாட்டு. மொத்தம் 5 நிமிடம் 55 விநாடி. இதன் முற்பாதி மெதுவான ராக் பாலட். மிக்ஸிங் பழகுகிற பையன்கள் அந்தப் பகுதியின் குரல், பியானோ, பேஸ், டிரம்ஸ் டிராக்குகளைத் தனித்தனியாகத் தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பல பேர் அதிலிருந்து தப்பான பாடத்தை அல்லவா எடுத்துக்கொள்கிறார்கள்!

குரலை மட்டும் கேட்டால் ஃப்ரெடி மெர்க்குரி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். புல்லரிக்கும். உடனே, 'ஒவ்வொரு வாத்தியமும் தனியாகவே இப்படி அசத்த வேண்டும்' என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பிறகு தங்கள் பாட்டில் சோலோ பட்டனை அழுத்தி கிட்டாரை மெருகேற்றுகிறார்கள், பேஸை மெருகேற்றுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால்? ஒரே இரைச்சல்!

காரணம் எளிது. தனியாகக் கனமாக ஒலிக்கும் கிட்டாரின் அடி ஒலி, பேஸ் கிட்டார் இருக்கும் அதே இடத்தில் போய் மோதும். அதனால்தான் மிக்ஸ் செய்பவர்கள் கிட்டாரின் அடியை வெட்டுகிறார்கள். தனியாகக் கேட்டால் அது சோனியாகத்தான் இருக்கும். கூட்டத்தில் நின்றால்தான் அதன் அழகு. கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு பதிவை மட்டும் பார்த்து லாபமா நட்டமா என்று சொல்ல முடியுமா? அதே கதைதான்.

இன்னொன்று. அன்று இருந்தது 24 டிராக் டேப். குரல்களை அடுக்கடுக்காகப் பாடி, இடம் போதாமல் பலவற்றை ஒன்றாகக் கலந்து வேறு டிராக்கில் ஏற்றினார்கள். கலந்த பிறகு பிரிக்க வழியில்லை. ஆக, அந்த அசல் டேப்பில் உள்ள 'தனி' டிராக்குகளில் சில ஏற்கனவே மிக்ஸ் ஆனவை. 2019-ல் வந்த ஸ்ப்ளீட்டர் போன்ற மென்பொருட்கள் பிரித்துத் தருவதோ அசல் டேப்பே அல்ல. முடிந்த பாட்டிலிருந்து கணித்து எடுத்தது. ஒன்றின் வால் இன்னொன்றில் ஒட்டியிருக்கும்.

அப்படியானால் எப்படிக் கேட்பது? ஒன்றை மட்டும் ஒலிக்க விடாமல், ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். முழுப்பாட்டும் ஓடும்போது பேஸை 10 விநாடி நிறுத்துங்கள். எது காணாமல் போகிறதோ அதுதான் அதன் வேலை. பாடத் தொடங்கி ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுத்துத்தான் டிரம்ஸ் நுழைகிறது. கிட்டார் சோலோவுக்கு இரண்டரை நிமிடம் காத்திருக்க வேண்டும். வாத்தியம் வாசிப்பது எவ்வளவு முக்கியமோ, வாசிக்காமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம்.

பிரித்துக் கேளுங்கள், தப்பில்லை. கேட்டு முடித்ததும் மறக்காமல் சேர்த்துக் கேளுங்கள். பாடம் அங்கேதான் இருக்கிறது.