பல்லு ஆடினா வயசுன்னு விட்டுராதீங்க

அருவி பாக்க திற்பரப்பு வாற நீங்க மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் ரசிச்சு சாப்பிடுவீங்க. எங்களுக்கு அது பஞ்சத்துக்குக் கைகொடுத்த சாப்பாடு. 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பின பயிர். ரெண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்னப்பவும் அதுதான் வயித்தை நிறைச்சது.

போன வருஷம் எனக்குக் கடவாப்பல் ரெண்டு ஆடிச்சு, ஈறில் ரத்தமும் வந்தது. வயசாச்சுல்லான்னு பிடுங்கப் போனேன். டாக்டர் முதல்ல சுகர் பாக்கச் சொன்னார். கூடுதலா இருந்தது. இன்சுலின்ங்கிற ஹார்மோன் சரியா வேலை செய்யாம ரத்தத்தில் சர்க்கரை ஏறினா, ஈறில் நோய் எளிதா பிடிக்கும். பல்லைத் தாங்குற தாடையெலும்பு கரையும். ஈறு நோய் முத்தினா சர்க்கரையும் கட்டுக்குள்ள நிக்காது.

கிழங்கை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அப்பா அதைத் தின்னுட்டு நாள் முழுக்க மம்பெட்டி பிடிச்சார். நான் அதே அளவு தின்னுட்டு பைக்கில் தோட்டத்துக்குப் போறேன்; போதாததுக்கு தினம் அஞ்சு சாயா. வேலை குறைஞ்சது, தட்டு குறையல.

ரெண்டு பல்லும் போச்சு. உங்களுக்கு ஈறில் ரத்தம் வந்தா பேஸ்டை மாத்திட்டு இருந்துராதீங்க. பல் டாக்டரையும் பாருங்க, சுகரையும் பாருங்க.