பரீட்சையில் தேறுவோரும் பரிதவிப்போரும்

நமது நாட்டின் மருத்துவ பீடங்களிற் பட்டம் பெறும் இளைஞர் பலர், உள்ளகப் பயிற்சி முடியுமுன்னரே, பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தொழில் புரிவதற்கான பரீட்சைகளுக்குப் படிக்கத் தொடங்கிவிடுகின்றனர். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் இவ்வழக்கம் பெருகியது. ஏழை உழவனும் செலுத்தும் வரிப்பணத்திற் படித்துவிட்டு ஓடுகிறார்கள் என்று இவர்களைத் தூற்றுவோர் உளர். இலவசக் கல்வியின் பயனைப் பெற்றவருக்கு நாட்டின்பாற் கடமை உண்டு என்பதை நாமும் ஏற்கிறோம். ஆயினும் பழி முழுவதையும் இளைஞர் தலையிற் சுமத்துவது நீதியாகாது.

கொழும்பில் 1870 இல் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரியின் தராதரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே பிரித்தானியா ஏற்றுக்கொண்டது. அந்நாளில் இங்கு தேறியவர் அங்கு மறுபடியும் பரீட்சைக்கு அமரவேண்டியிருக்கவில்லை. 1970களில் அந்த அங்கீகாரம் நீங்கிற்று. இன்று அங்கு செல்ல விரும்புவோரிற் பெரும்பாலார் ‘பிளாப்’ எனப்படும் பரீட்சையில் தேறியாக வேண்டும். முதற் பகுதியில் மூன்று மணி நேரத்தில் 180 வினாக்கள். இரண்டாம் பகுதி மன்செஸ்டர் நகரில் நடைபெறும் செய்முறைச் சோதனை. இவற்றோடு ஆங்கில அறிவையும் நிரூபிக்க வேண்டும். ‘ஐ.ஈ.எல்.ரி.எஸ்.’ பரீட்சைக்குத் தோற்றுவோர் மொத்தத்தில் 7.5 புள்ளியும், கேட்டல், பேசல், வாசித்தல், எழுதல் ஆகிய ஒவ்வொன்றிலும் 7 புள்ளியும் குறையாது பெறல் வேண்டும்.

இக்கடுமையை நாம் குறைகூறமாட்டோம். தன் குடிமக்களின் உயிரை ஒருவர் கையில் ஒப்படைக்குமுன், அவர் தொழிலை அறிந்தவரா, நோயாளி கூறுவதை விளங்கிக்கொள்வாரா என்று கேட்பது ஓர் அரசின் கடமை. நாம் வினவுவது வேறு: அதே அக்கறையை நமது அரசாங்கம் நமது மக்கள்மேற் காட்டுகின்றதா?

தமிழும் ஆட்சிமொழியென 1987 இல் அரசியலமைப்புத் திருத்தம் கூறிற்று. அரச ஊழியர் இரண்டாம் மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமெனச் சுற்றறிக்கைகள் கூறுகின்றன. ஆனால் மலையகத் தோட்டத்திலிருந்து நோவோடு வரும் தொழிலாளி, தன் வேதனையைச் சைகையாலும் அயலவர் துணையாலும் உணர்த்தவேண்டிய நிலை இன்னும் மறையவில்லை. மன்செஸ்டர் நோயாளிக்கு இன்றியமையாததெனக் கருதப்படுவது பதுளை நோயாளிக்கு மட்டும் வேண்டாத ஆடம்பரமா?

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இவ்வுண்மையை அன்றே உணர்ந்தார். 1864 முதல் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். தம் மக்களின் மொழியிற் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் நம்பிக்கை.

இன்று நம் வைத்தியர் ஏன் தங்குகின்றாரில்லை? வன்னியின் ஒதுக்குப்புற வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் இளம் வைத்தியருக்குத் தகுந்த விடுதி உண்டா? பிள்ளைகளைப் படிப்பிக்க நல்ல பாடசாலை அருகில் உண்டா? விலைவாசிக்கு ஈடுகொடுக்கும் ஊதியம் உண்டா? இவற்றுக்கு விடைகாணாத அரசாங்கம், 2022 இல் அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாமெனத் தானே வழிதிறந்துவிட்டது. அந்நியச் செலாவணிக்காக வாயிலைத் திறந்து வைத்துவிட்டு, வெளியேறுபவரை மட்டும் துரோகி என்பது எந்த நியாயம்?

நாம் கோருவன மூன்று. பின்தங்கிய பகுதிகளிற் பணிபுரியும் வைத்தியருக்கு விடுதியும் சிறப்புப் படியும் வழங்கப்படல் வேண்டும். அங்கு சேவை செய்த ஆண்டுகளுக்குப் பட்டமேற்படிப்பிற்கான தெரிவில் உரிய மதிப்பளிக்கப்படல் வேண்டும். தமிழராயினும் சிங்களவராயினும், நோயாளியின் மொழியில் உரையாடும் ஆற்றல் வைத்தியர் யாவரிடமும் ஏட்டளவிலன்றி உண்மையாகவே சோதிக்கப்படல் வேண்டும்.

இளைஞர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். ‘பிளாப்’ பரீட்சையில் தேறினால் அங்கு பதிவு பெறும் தகுதி கிட்டும். பதவி கிட்டுமென்பதற்கு உறுதியில்லை. தேறியும் வேலை கிடையாது மாதக்கணக்கிற் காத்திருப்போர் உளர். காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்ப எண்ணும் விவசாயி இதனை நன்கு ஆராய்ந்த பின்னரே கடன் பத்திரத்திற் கையொப்பமிடுவாராக. போனவரும் வேலி அடைபட்டதென எண்ணற்க. அங்கு பெற்ற அறிவோடு திரும்புவோருக்கு இங்கு நிரம்பப் பணி உண்டு.

சங்கிலியிட்டு எவரையும் நிறுத்த இயலாது. வைத்தியர் மனமுவந்து தங்கும் நாடாக இதனை ஆக்குவதே அரசாங்கம் எழுதவேண்டிய பரீட்சை. அதில் அது இன்னும் தேறவில்லை.