பாட்டிலை வெட்டினால் மறுசுழற்சி ஆகிவிடுமா?

"மாமா, உங்க வீட்ல காலி கூல்டிரிங்ஸ் பாட்டில் இருக்கா?" என்று சேரன்மகாதேவியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். ஏழாம் வகுப்பு. பள்ளியில் கழிவிலிருந்து பயனுள்ள பொருள் செய்யும் போட்டி. இவன் ஃபேன் செய்வதாகப் பெயர் கொடுத்துவிட்டான். என்னிடமும் பாட்டில் இல்லை. அக்கா கடைக்குப் போய் இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கி, பிள்ளைகள் குடித்ததுபோக மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கழுவி எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஸ்டேஷனரி கடையில் சின்ன மோட்டார், சதுர பேட்டரி, ஸ்விட்ச், பசைக் குச்சி, அடியில் ஒட்ட ஒரு புது அட்டை. அந்த ஃபேனில் கழிவு என்று சொல்ல ஒரு துண்டுகூடக் கிடையாது. அதற்குத்தான் முதல் பரிசு. சுற்றுச்சூழலைக் காத்ததற்காக என்று சான்றிதழில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக் குப்பையில் ஃபேன் செய்தால் அது மறுசுழற்சி, அதுவே அறிவியல் என்று ஊரே நம்புகிறது. ஆசிரியர் நம்புகிறார், பெற்றோர் நம்புகிறார்கள், செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அடுத்த பத்துப் பேருக்கு அனுப்புகிறவரும் நம்புகிறார். இந்த நம்பிக்கை வெறும் அசட்டுத்தனம் என்றால் விட்டுவிடலாம். இது குப்பையைக் கூட்டுகிறது, பிள்ளைகளுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுக்கிறது. அதனால் விட முடியவில்லை.

அக்கா வீட்டுப் பரணிலேயே ஒரு மேஜை ஃபேன் கிடந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டரோடு சேர்ந்து வந்த விலையில்லா மின்விசிறி. தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போன பொருள். சில வருஷம் நன்றாக ஓடியது. பிறகு வேகம் குறைந்தது, கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும் என்றானது, ஒருநாள் பரணேறிவிட்டது. வீட்டில் உண்மையான கழிவு ஃபேன் ஒன்று இருக்கும்போது, கழிவில் ஃபேன் செய்யச் சொன்னதும் கடைக்கு ஓடியிருக்கிறார்கள். பரணை ஏறிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்க்கச் சொல்லவும் யாரும் இல்லை.

அதை இறக்கி அம்பை ரோட்டில் காயில் கட்டும் கடை வைத்திருப்பவரிடம் கொண்டுபோனேன். இறக்கையைக் கழற்றி, பின்மூடியின் திருகுகளை எடுத்து, உள்ளேயிருந்த விரல் நீளக் கறுப்புப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "கண்டன்சர்தான் போயிருக்கு, அண்ணாச்சி. காயில் நல்லாத்தான் இருக்கு" என்றார். புஷ்ஷில் பழைய எண்ணெயும் தூசியும் கலந்து தார் மாதிரி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, தண்டை விரலால் சுண்டினார். தடையில்லாமல் சுழன்றது. புது கண்டன்சரை வைத்து ஒயரை முறுக்கி டேப் சுற்றி ஸ்விட்சைப் போட்டதும் மேஜையில் இருந்த பில் புத்தகத்தின் தாள்கள் எல்லாம் எழுந்து ஆடின. அவர் கேட்ட கூலி, அந்தப் பாட்டில் ஃபேனுக்கு அக்கா செய்த செலவைவிடக் குறைவு.

அறிவியல் வேண்டும் என்கிறீர்களே, அது அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தால் மோட்டாரில் தானாகச் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்க முடியாது. அதனால் ஃபேனுக்குள் இரண்டு தனித்தனிக் காயில் கட்டுகிறார்கள். ஒன்றில் பாயும் மின்சாரத்தைக் கண்டன்சர் மற்றதிலிருந்து நேரத்தில் சற்று விலக்கிவிடுகிறது. அந்த விலகல்தான் மோட்டாரைக் கிளப்புகிறது. கண்டன்சர் வலுவிழந்தால் ஃபேன் மந்தமாகும். முற்றிலும் செத்தால் உர்ரென்று முனகிக்கொண்டு நிற்கும். கையால் தள்ளினால் தள்ளிய பக்கம் சுற்றும். தள்ளிய பக்கம் ஏன் சுற்றுகிறது என்ற கேள்வி ஒன்றே ஒரு வகுப்பு முழுக்கப் பேசப் போதும். பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிக்கிற பையன்கள் இந்த மோட்டாரைத்தான் பிரித்துப் படிக்கிறார்கள். அவர்களைக் கண்காட்சிக்கு அழைத்து வந்து பிள்ளைகள் முன்னால் ஒரு ஃபேனைப் பிரிக்க வைத்த பள்ளி எது?

பாட்டில் ஃபேனில் பிள்ளை கற்றது என்ன? இரண்டு ஒயரைத் தொட்டால் மோட்டார் சுற்றும். அவ்வளவுதான். பாட்டிலின் கழுத்துப் பாகத்தைக் கீறிப் பூவிதழ் மாதிரி விரித்துவிட்டால் இறக்கை என்கிறார்கள். பணகுடிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் காற்றாலை இறக்கையைக் கவனித்துப் பாருங்கள். அடியில் ஒரு சாய்வு, நுனிக்குப் போகப் போக வேறு சாய்வு, முறுக்கிவிட்டதுபோல் இருக்கும். நுனி வேகமாக நகரும், அடி மெதுவாக நகரும், அதற்கேற்ற முறுக்கு அது. இந்தக் கணக்கு எதுவும் இல்லாத பாட்டில் இதழ் காற்றைத் தள்ளுவதைவிடக் கலக்குவதுதான் அதிகம். அக்கா மகனின் ஃபேன் முன்னால் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் ஏதோ படுகிறது. பேட்டரியும் பரிசளிப்பு முடியும்வரை தாக்குப்பிடிக்கவில்லை. செத்த பேட்டரிக்குள் துத்தநாகமும் மாங்கனீசும் இருக்கின்றன. அதைக் கொண்டுபோய்ப் போட எங்கள் தெருவில் தனித் தொட்டி கிடையாது. எல்லாக் குப்பையோடும் அதுவும் போயிற்று.

அந்தப் பாட்டிலுக்காவது நல்ல கதி கிடைத்ததா? வெட்டாமல் விட்டிருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். நசுக்கிக் கட்டி அனுப்புவார்கள், உருக்கி நூலாக இழுப்பார்கள், துணியாகிவிடும். நம் நாட்டில் பிளாஸ்டிக் வகைகளிலேயே ஓரளவுக்கு ஒழுங்காகத் திரும்பப் போகிறது அந்தப் பாட்டில்தான். அதில் பசையை உருக்கி ஊற்றி, அட்டையை ஒட்டி, பெயின்ட் அடித்து, மினுமினுப்புத் தூளையும் தூவிவிட்டால் எந்தக் கடைக்காரர் எடைக்கு எடுப்பார்? மறுசுழற்சிக்குப் போகவேண்டிய பொருளை வழிமறித்துக் குப்பையாக்கிவிட்டு, அதற்கே மறுசுழற்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண்காட்சி முடிந்த மறுநாள் பள்ளிச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் தெரியும், எத்தனை ராக்கெட், எத்தனை பூச்சாடி, எத்தனை ஃபேன் என்று. மழை வந்தால் எல்லாம் கன்னடியன் கால்வாயில் மிதக்கும். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி ஏற்கெனவே சுமக்கிற துணியும் பையும் போதாதா?

இந்த மயக்கம் நம்மூரோடு நிற்கவில்லை. 2016-ல் கிரே விளம்பர நிறுவனத்தின் டாக்கா கிளை ஒரு வீடியோ வெளியிட்டது. பாட்டில்களைப் பாதியாக வெட்டி, ஒரு பலகையில் வரிசையாகச் செருகிச் சன்னலில் மாட்டினால் மின்சாரமே இல்லாமல் வீடு 5 டிகிரி குளிரும் என்றார்கள். அகலமான பக்கம் நுழையும் காற்று குறுகிய கழுத்தில் அழுத்தப்பட்டு வெளியேறும்போது குளிர்கிறதாம். உதட்டைக் குவித்து ஊதினால் காற்று குளிர்ச்சியாகப் படுகிறதே, அதுதான் ஆதாரமாம். குவித்து ஊதும்போது சுற்றியிருக்கும் அறைக்காற்றும் சேர்ந்து வந்து கையில் படுவதால் அப்படித் தோன்றுகிறது. சன்னலில் வீசும் காற்றுக்கு, பாட்டில் கழுத்தில் நுழைந்து குளிர்ந்துபோகிற அளவு அழுத்தமே கிடையாது. உள்ளபடி அந்தப் பலகை சன்னலில் பெரும்பகுதியை அடைத்துவிடுகிறது. ஆனாலும் உலகம் முழுக்கக் கைதட்டினார்கள். தகரக் கூரைக்குக் கீழே வேகிற மனிதனுக்கு வெட்டிய பாட்டில் போதும் என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்கிற திமிர் அதில் இருக்கிறது.

ஃபேனுக்கு முன்னால் ஐஸ் பாட்டிலை வைத்தால் ஏசி என்று சித்திரை மாதமானால் சுற்றுகிற வீடியோவும் இதே ரகம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு டன் ஏசி ஒன்றரை நிமிடத்தில் வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். அந்த ஐஸை உறைய வைக்க வீட்டு ஃபிரிட்ஜ் அதைவிட அதிக வெப்பத்தைப் பின்பக்கமாக அதே வீட்டுக்குள்தான் கக்கியிருக்கிறது. ஃபேன் அறையைக் குளிர்விப்பதே இல்லை. நம் தோலின் வியர்வையை ஆவியாக்குகிறது, நமக்குக் குளிர்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன் அந்த அறையைத் துளி சூடாக்கத்தான் செய்கிறது. இதைப் பாட்டில் ஃபேன் செய்த எந்தப் பிள்ளையிடமாவது யாராவது சொன்னார்களா?

உடனே அரவிந்த் குப்தாவின் பெயரைச் சொல்லி வாயடைக்கப் பார்ப்பார்கள். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தவர். ஆம், பெரிய மனிதர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டையும் கொண்டு வடிவியல் சொல்லிக்கொடுத்தவர். அவர் கேட்டது கையில் கிடைக்கிற பொருளை. பொம்மையை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் குழந்தையை அவர் கொண்டாடினார். உங்கள் போட்டியில் எதையாவது உடைத்துப் பார்த்த குழந்தைக்குப் பரிசு உண்டா? பரணில் கிடந்த ஃபேனைப் பிரித்து, ஓடவைத்து, ஓட்டிக் காட்டியிருந்தால் என் அக்கா மகனுக்குக் கிடைத்திருப்பது 'இது நீ செய்ததில்லையே' என்ற பேச்சுதான்.

அங்கேதான் வேர் இருக்கிறது. புதிதாகச் செய்தால் பெருமை, பழுது பார்த்தால் கேவலம். காயில் கட்டுகிறவரின் கடையில் போய் நின்று பாருங்கள். எரிந்த காப்பர் ஒயரை வெட்டி எடுத்து, ஸ்லாட்டுகளில் புது பேப்பர் செருகி, கையால் சுற்றும் மிஷினில் சுற்று எண்ணிக் கட்டி, நூலால் இறுக்கி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் காயவைத்து எடுத்துத் தருகிறார். எரிந்துபோன ஃபேன் மறுபடி பல வருஷம் ஓடுகிறது. எடுத்த பழைய காப்பரும் எடைக்குப் போய் மறுபடி காப்பராகிறது. இந்தத் தாலுகாவில் மறுசுழற்சி என்ற சொல்லுக்கு உரிமையுள்ள மனிதர் அவர்தான். ஆனால் அவர் மகனே இந்த வேலை வேண்டாம் என்று சென்னைக்குப் போய்விட்டான். விற்கிற கம்பெனிகளும் காப்பருக்குப் பதில் அலுமினிய ஒயரைச் சுற்றி, கட்டுகிற கூலிக்குப் பெறாத ஃபேனாகத் தள்ளிவிடுகின்றன. நாமும் எக்ஸ்சேஞ்ச் விளம்பரம் பார்த்துப் பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை மாட்டுகிறோம்.

சேரன்மகாதேவி வட்டாரத்து ஆசிரியர்களை, ஆசிரியைகளைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற கண்காட்சிக்குப் பாட்டில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வீட்டுப் பரணில் கிடக்கிற ஃபேனை இறக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். காயில் கட்டுகிற ஓர் அண்ணாச்சியை அழைத்து, மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஆளுக்கொரு திருப்புளியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பிளக்கைச் செருகுவதை மட்டும் பெரியவர்கள் செய்தால் போதும்.