‘எங்க பொறுப்பு இல்ல’னு டோக்கன்ல போட்டா போதுமா? பார்க்கிங்கில் காயம்பட்டால் நஷ்டஈடு தர வேண்டியது யார்?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்திலிருந்து ஒருவர் விடியற்காலையில் பைக்கில் கிளம்புகிறார். டவுனில் ஒரு ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறுகிறார். சாயங்காலம் திரும்பி வந்து வண்டியை எடுக்கும்போது, விளக்கு இல்லாத இடத்தில் மூடி உடைந்து கிடந்த சாக்கடைக்குள் கால் போகிறது. எலும்பு முறிவு. மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது.

ஸ்டாண்டுக்காரரிடம் கேட்டால் என்ன பதில் வரும்? “டோக்கனைப் பாருங்கண்ணே, அதுலயே போட்டிருக்கு. நாங்க பொறுப்பில்ல.”

இது ஒரு உதாரணம்தான். ஆனால் டோக்கனில் இருக்கும் அந்த ஒரு வரியைப் பார்த்ததும், ‘இனி பேசிப் பிரயோஜனமில்ல’ என்று பெரும்பாலானவர்கள் திரும்பிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

எதற்கு இப்போது இந்தப் பேச்சு?

2023 ஜூன் 15 முதல் ரயில் போடி வரை வருகிறது. மதுரைக்கும் சென்னைக்கும் போகிறவர்கள் வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுக்கும் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் முதலில் தேடுவது பார்க்கிங்தான்.

கூட்டமாக வண்டிகள் நிற்கும் இடத்தில் ஆபத்தும் இருக்கிறது. 2019 பிப்ரவரி 23 அன்று பெங்களூரு விமானக் கண்காட்சியின் பார்க்கிங்கில் 300 கார்கள் வரை எரிந்தன. மறுநாளே சென்னை போரூரில் கார்கள் நிறுத்தியிருந்த மைதானத்தில் தீப்பிடித்து சுமார் 200 கார்கள் சாம்பலாயின. 2024 நவம்பர் இறுதியில் வாரணாசி ரயில் நிலைய பார்க்கிங்கில் சுமார் 200 டூவீலர்கள் எரிந்தன. பார்க்கிங் என்பது வெறும் காலி இடம் இல்லை, அதை யாரோ ஒருவர் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் இவை காட்டுகின்றன.

வண்டி வேற, ஆள் வேற

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பார்க்கிங்கில் வண்டி காணாமல் போவது அல்லது சேதமாவது ஒரு வழக்கு. ஆளுக்கே அடிபடுவது இன்னொரு வழக்கு. இரண்டுக்கும் சட்டம் வேறு.

வண்டி விஷயத்தில் 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வருகிறது. அடுத்தவர் பொருளைப் பாதுகாப்பாக வைத்துத் திருப்பித் தர ஒப்புக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 151.

இதில் முக்கியமான தீர்ப்பு டெல்லி தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கு. 1998-ல் அந்த ஹோட்டலுக்கு வந்த ஒருவர், தன் மாருதி ஜென் காரின் சாவியை ஊழியரிடம் கொடுத்தார். திரும்பி வந்தபோது கார் இல்லை, வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ‘உரிமையாளர் பொறுப்பில்தான் நிறுத்துகிறீர்கள்’ என்று சீட்டில் எழுதியிருக்கிறது என்றது ஹோட்டல்.

2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாவியையும் காரையும் வாங்கிக்கொண்ட பிறகு, கவனக்குறைவு நடக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியது ஹோட்டல்தான். தன் சொந்தக் கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒரு சீட்டில் அச்சடித்துக் கழற்றிவிட முடியாது. பார்க்கிங் இலவசம் என்ற வாதமும் எடுபடவில்லை, அந்தச் சேவையால் ஹோட்டலுக்கும் லாபம் இருக்கிறதே!

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த வழக்கில் சாவி கைமாறியது. நீங்களே வண்டியை நிறுத்தி, பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனால், ‘நான் இடம் மட்டும்தான் கொடுத்தேன்’ என்று சொல்ல ஸ்டாண்டுக்காரருக்கு வாய்ப்பு இருக்கிறது. டோக்கன் கொடுத்து, போகும்போது அதைச் சரிபார்த்து விடுகிற ஸ்டாண்ட் என்றால் உங்கள் பக்கம் வலு கூடும். டோக்கன் இல்லாமலே வண்டியை வெளியே விட்டார்கள் என்றால் அது அவர்கள் தவறு.

ஆளுக்கு அடிபட்டால்?

இங்கே கேள்வி எளிது. அந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது? ஆபத்து இருப்பது அவருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா? சரிசெய்யவோ எச்சரிக்கவோ செய்தாரா?

உடைந்த மூடி, தொங்கும் மின்வயர், எண்ணெய் கொட்டி வழுக்கும் சரிவு, எரியாத விளக்கு, பலகை இல்லாத பள்ளம்... எல்லாமே இந்தக் கணக்கில் வரும். இதற்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. கவனக்குறைவுக்கான பொதுவான சிவில் பொறுப்பின் கீழ் நீதிமன்றங்கள் முடிவு செய்கின்றன.

பார்க்கிங்கைச் சரியாக வைக்காததன் விலை என்ன என்பதை நாடு பார்த்தது 1997 ஜூன் 13 அன்று. டெல்லி உபகார் தியேட்டரின் தரைத்தளத்தில் கார் பார்க்கிங், அதை ஒட்டியே டிரான்ஸ்ஃபார்மர். டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீ கார்களுக்குப் பரவியது. புகை மேலே பால்கனி வரை ஏறியது. 59 பேர் இறந்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம்.

2011-ல் உச்ச நீதிமன்றம், இறந்தவர்களில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு தலா 10 லட்சம், அதற்குக் கீழே 7.5 லட்சம், காயமடைந்தவர்களுக்கு தலா 1 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. அதில் 85 சதவீதம் தியேட்டர் தரப்பு, 15 சதவீதம் மின்வாரியம் தர வேண்டும் என்றது. அதாவது, பொறுப்பு ஒரே ஆள் தலையில்தான் விழ வேண்டும் என்பதில்லை. பங்கு போட்டும் வரும்.

பார்க்கிங்குக்குள் வண்டி இடித்தால்?

‘ரோட்டுல நடந்தாத்தான் ஆக்சிடென்ட் கேஸ்’ என்று ஒரு நினைப்பு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் ‘பொது இடம்’ என்பதை அகலமாகவே சொல்கிறது. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் அதில் வரும். பஸ் ஏறி இறங்கும் ஸ்டாண்டையும் சட்டமே சேர்த்துச் சொல்லியிருக்கிறது.

வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. 1987-ல் மகாராஷ்டிராவில் லாரி மோதிக் கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்தது. நின்றுபோன வண்டியும் ‘வாகனப் பயன்பாடு’ என்பதில் அடங்கும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆகவே பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்த கார் இடித்தாலும், ஓட்டியவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவர் மீதும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். யார் தப்பு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கேட்கப் பிரிவு 164 வழி செய்கிறது. இடித்துவிட்டு ஓடியவர் யாரென்றே தெரியாவிட்டால், அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம்.

விபத்து மதுரையில் நடந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். ஆனால் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது சட்டம். தள்ளிப் போடாதீர்கள்.

யார் மேல் கேஸ் போடுவது?

பஸ் ஸ்டாண்ட் ஸ்டாண்டுகளை உள்ளாட்சி அமைப்பு ஏலம் விடுகிறது, ஒப்பந்தக்காரர் எடுத்து நடத்துகிறார். ரயில் நிலையங்களிலும் ஒப்பந்த முறைதான். அடிபட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். ‘எல்லாம் கான்ட்ராக்டர் பொறுப்பு’ என்று அவர்களுக்குள் எழுதிக்கொண்டது அவர்களுக்குள் மட்டும்தான். நீங்கள் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். யாருக்கு எவ்வளவு என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

கட்டணம் கொடுத்து நிறுத்தியிருந்தால் நீங்கள் நுகர்வோர். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணமும் இல்லை. 10 ரூபாய் டோக்கனுக்கும் இது பொருந்தும்.

நம்ம பக்கமும் தப்பு இருந்தால்?

‘வழி இல்லை’ என்ற பலகையைத் தாண்டிப் போயிருந்தால், செல்போன் பார்த்துக்கொண்டே நடந்திருந்தால், அந்த அளவுக்கு நஷ்டஈட்டில் கழிப்பார்கள். அதற்காகவே முழு உரிமையும் போய்விடாது. அதேபோல், எது நடந்தாலும் ஸ்டாண்டுக்காரர் தலையில் கட்டிவிடவும் முடியாது. அவர் நியாயமான கவனம் எடுத்தார் என்று காட்டினால் தப்பிக்கலாம்.

அடிபட்டதும் என்ன செய்யணும்?

• டோக்கனைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கேட்டால் முதலில் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள்.
• பள்ளம், விளக்கு, வயர், எச்சரிக்கைப் பலகை இருந்ததா இல்லையா என்பதை அன்றைக்கே வீடியோ எடுங்கள். மறுநாள் சிமெண்ட் பூசிவிடுவார்கள்.
• சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கடிதம் கொடுங்கள். பல இடங்களில் பழைய பதிவு சில நாட்களிலேயே அழிந்துவிடும்.
• க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, உள்ளூர் ஜி.எச்.சோ, எங்கே, எப்படி அடிபட்டது என்பதை டாக்டரிடம் சரியாகச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ‘வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொன்னால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும்.
• போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.
• கூலி வேலை என்றால் சம்பளச் சீட்டு இருக்காது. மேஸ்திரி அல்லது தோட்டத்தில் கூட வேலை பார்ப்பவர்களின் பெயரைக் குறித்து வையுங்கள். எத்தனை நாள் கூலி போச்சு என்பதற்கு அவர்கள்தான் சாட்சி.

வழிகாட்டுதல் வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமலே சட்ட உதவி உண்டு.

ஒரு கால் உடைந்தால் மூன்று மாதக் கூலியும், வட்டிக்கு வாங்கிய ஆஸ்பத்திரிச் செலவும் அந்த வீட்டின் மேல் விழும். ‘பொறுப்பில்ல’ என்று ஸ்டாண்டுக்காரர் அச்சடித்தது அவருடைய வாதம் மட்டுமே. தீர்ப்பு சொல்ல வேண்டியது ஆணையமும் நீதிமன்றமும். அங்கே போய்ச் சேர, கிழிக்காமல் வைத்திருந்த டோக்கனும் அன்றைக்கே எடுத்த நாலு போட்டோவும் கையில் இருக்க வேண்டும்.