பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடலாமா?



எலக்ட்ரீஷியன் மாமா ஸ்விட்ச் போர்டில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். கரண்ட் இருந்தால், டெஸ்டரின் கைப்பிடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும். (பார்த்தால் போதும்; டெஸ்டரை நீங்கள் தொடக் கூடாது.) அந்தக் குட்டி விளக்குக்குள் இருப்பது நியான் என்ற வாயு. இப்படிப்பட்ட ஆரஞ்சுப் புள்ளிகள் இரண்டரை லட்சம் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரின் திரையாக இருந்தன என்றால் நம்புவீர்களா?

1986-ல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 'டி 3100' என்ற கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. மூடி எடுத்துப் போகலாம். எடை ஏறத்தாழ 7 கிலோ! அதன் திரையில் குறுக்கே 640, நெடுக்கே 400 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள், 2,56,000 வரும். எழுத்தும் படமும் ஆரஞ்சு நிறத்தில்தான் தெரியும். இதற்கு 'வாயு பிளாஸ்மா திரை' என்று பெயர்.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே மெல்லிய இடைவெளி. அதில் நியான் வாயு. ஒரு தகட்டில் குறுக்குக் கோடுகளாகவும், மற்றதில் நெடுக்குக் கோடுகளாகவும் மின்சாரம் போகும் மெல்லிய பாதைகள் இருக்கும். கணக்கு நோட்டின் கட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறுக்குக் கோட்டுக்கும் ஒரு நெடுக்குக் கோட்டுக்கும் மின்சாரம் கொடுத்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் உள்ள வாயு மட்டும் ஒளிரும். மின்னேற்றம் பெற்ற அந்த வாயுதான் பிளாஸ்மா. மின்னலிலும் சூரியனிலும் இருப்பதும் பிளாஸ்மாதான்.

நியானை 1898-ல் லண்டனில் வில்லியம் ராம்சே, மோரிஸ் டிராவர்ஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். காற்றில் பத்து லட்சம் பங்கில் 18 பங்குதான் நியான். 'புதியது' என்று பொருள் வரும்படி லத்தீன் மொழியில் 'நோவம்' என்று பெயர் வைக்கச் சொன்னது ராம்சேயின் மகன். அதே பொருளைக் கிரேக்க மொழியில் 'நியான்' என்று வைத்துவிட்டார் அப்பா. டிராவர்ஸ் பிறகு நம் நாட்டுக்கு வந்து, பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார்.

இந்தத் திரை பிறந்த கதை ஆசிரியனான எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால், அது பாடம் நடத்துவதற்காகவே பிறந்தது! அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்ற கம்ப்யூட்டர் மூலம் மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தந்தார்கள். டி.வி. போன்ற திரையில் படம் நிலைத்து நிற்க, அதை விநாடிக்குப் பல முறை திரும்ப வரைய வேண்டும். அதற்கு நினைவகம் தேவை. அந்நாளில் நினைவகம் பொன் விலை விற்றது. 1964-ல் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் மூவரும் பிளாஸ்மா திரையை உருவாக்கினார்கள். அதில் ஒரு புள்ளியை ஒரு முறை ஒளிர வைத்துவிட்டால், அணைக்கும் வரை ஒளிர்ந்துகொண்டே இருக்கும். திரையே நினைவு வைத்துக்கொள்ளும்!

பிறகு ஏன் மறைந்தது? அது நிறைய மின்சாரம் சாப்பிட்டது. தோஷிபா டி 3100-ல் பேட்டரியே கிடையாது. சுவரில் பிளக் போட்டால்தான் ஓடும். குறைந்த மின்சாரத்தில், பல வண்ணங்களில் படம் காட்டும் எல்.சி.டி. திரை வந்ததும் ஆரஞ்சுத் திரை விடைபெற்றது.

"மறைந்துபோன சரக்கு நமக்கு எதற்கு, சார்? செல்போனிலேயே எல்லாம் வருகிறதே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். செல்போன் படத்தைக் காட்டும். அந்தப் படம் எப்படி வருகிறது என்று காட்டாது. பழைய பொருளில் அது தெரியும். ஒருவருக்கு என்ன தேவைப்பட்டது, அவர் எப்படி யோசித்தார், அதிலிருந்த குறை எப்படி அடுத்த கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது என்று வரிசையாகப் புரியும். பாடப் புத்தகத்தில் விடை மட்டும்தானே இருக்கிறது?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வாழும் நமக்கு இயந்திரங்கள் புதிதல்ல. துறைமுகம், மின் நிலையம், தொழிற்சாலை என்று சுற்றிலும் அவைதான். பல வீடுகளில் அப்பாவுக்கோ மாமாவுக்கோ இயந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரியும். 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையக் கட்டடம் இன்றும் நிற்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால், வீட்டிலும் பள்ளியிலும் பழசாகிப் போன மின்னணுப் பொருளை மட்டும் யோசிக்காமல் காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறோம்.

காயலான் கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. இரும்பும் செம்பும் வீணாகாமல் காப்பவர் அவர். ஆனால், செம்புக்காகச் சிலர் ஒயரைக் கொளுத்தும்போது கிளம்பும் கரும்புகை நம் மூச்சில்தான் கலக்கிறது. கம்ப்யூட்டர் பலகைகளில் ஈயம் இருக்கிறது. அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம். அதனால்தான் மின்னணுக் கழிவுக்கென்று 2012-ஆம் ஆண்டு முதல் தனி விதிகள் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும்.

என் கருத்து இதுதான். ஒவ்வொரு பள்ளியிலும் பழைய பொருள்களுக்கு ஓர் அலமாரி வேண்டும். ஆரஞ்சுத் திரை கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. டைப்ரைட்டர், டிரான்சிஸ்டர் ரேடியோ, ஃபிளாப்பி, டயல் சுற்றும் டெலிபோன் எதுவானாலும் சரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அட்டை வையுங்கள். பெயர் என்ன, எந்த ஆண்டு, என்ன வேலை செய்தது, ஏன் மறைந்தது? இந்த நான்கு கேள்விகளுக்கும் தாத்தா, பாட்டியிடம் கேட்டு விடை எழுதுங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒன்று போதும். மீதியை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்: எதற்கும் மின் இணைப்பு கொடுக்காதீர்கள். பிளாஸ்மா திரைக்கும் பழைய டி.வி.க்கும் உள்ளே உயர் மின்னழுத்தம் உண்டு, நீங்களாகத் திறக்காதீர்கள். பள்ளிப் பொருள் என்றால் அது பதிவேட்டில் ஏறியது; தலைமையாசிரியரின் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது.

எடைக்குப் போட்டால் சில ரூபாய் கிடைக்கும், அத்தோடு சரி. அலமாரியில் வைத்தால், அடுத்த வருடம் வரும் தம்பி, தங்கைகளும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். உங்கள் பள்ளி அலமாரியில் முதலில் வைக்க என்ன இருக்கிறது? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணில் தேடச் சொல்லுங்களேன்!