டிராக்டர் புகைக் குழாயை வளைத்தால் இழுவை குறையுமா?

“எலுமிச்சைத் தோப்பில் கிளைகளை இடிக்கிறது என்று, டிராக்டரின் நிமிர்ந்த சைலன்சரை எடுத்துவிட்டு, பட்டறையில் குழாயை மூன்று இடங்களில் வளைத்து, புகையைக் கீழ்ப்பக்கமாக விட்டிருக்கிறேன். இப்போது ரோட்டவேட்டர் போட்டால் இழுவை இல்லை, கரும்புகை வருகிறது. குழாய்தான் காரணமா?”

- வாசகர், புளியங்குடி.

காரணமாக இருக்கலாம். எரிந்த புகை முழுதாக வெளியேறினால்தான் சிலிண்டருக்குள் புதுக்காற்று நிறைய வரும். வழி அடைபட்டால் காற்று குறைந்து, டீசல் அரைகுறையாக எரிந்து கரியாக வெளியேறும். டீசல் செலவும் கூடும்.

பட்டறையில் ஹைட்ராலிக் பெண்டரில் வைத்து அழுத்தும்போது குழாய் தட்டையாகிவிடுகிறது. 2 அங்குலக் குழாய் 1 அங்குலமாக நசுங்கினால், பாதையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். கார் சைலன்சர் வேலை செய்யும் பெரிய பட்டறைகளில், ‘மேண்ட்ரல்’ என்ற தண்டைக் குழாய்க்குள் நுழைத்து வளைப்பார்கள், வட்டம் கெடாது. அது இல்லாத ஊரில், மணலைக் கெட்டித்து நிரப்பி, சிவக்கக் காய்ச்சி வளைக்கும் பழைய முறையே போதும். மணல் நன்கு வறுத்ததாக இருக்க வேண்டும். ஈரம் இருந்தால், நீராவி அடைப்பைக் குண்டு போலப் பிய்த்து எறியும். போர்வெல்லில் கழற்றிய ஜி.ஐ. குழாயைக் காய்ச்சவே கூடாது. துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

கைக்குக் கிடைத்த சின்னக் குழாயைப் போடுவது இதைவிட மோசம். 2 அங்குலத்துக்குப் பதில் ஒன்றரை அங்குலம் போட்டால், முழு நீளத்துக்கும் பாதை 56 சதவிகிதம்தான். ஆகவே, முதலில் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். வளைவும் நீளமாக இருக்கட்டும். பி.வி.சி. லைனில் எல்போவைத் தவிர்த்து பெண்டு போடுகிறோமே, அதே கணக்குதான்.

செலவு செய்யும் முன், பழைய சைலன்சரையே மாட்டி, திறந்த வயலில் அதே ஆழத்துக்கு உழுது பாருங்கள். இழுவை திரும்பினால் குழாயை மாற்றுங்கள். திரும்பாவிட்டால் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தூசி அடைத்தாலும் இதே கரும்புகைதான் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்று: சைலன்சர் டப்பா இல்லாமல் வெறும் குழாய் மட்டும் விட்டிருந்தால், கோடையில் காய்ந்த புல்லில் தீப்பொறி விழும். குழாய் டீசல் டேங்க், ஹைட்ராலிக் ஹோஸ், டயர் பக்கம் போகக் கூடாது. தோப்புகளுக்கென்றே கீழ்நோக்கிய சைலன்சர் வைத்த டிராக்டர்கள் வருகின்றன. உங்கள் மாடலுக்கு அது பொருந்துமா என்று டீலரிடம் கேளுங்கள்.